பிரிக்காத குஞ்சுகள்

"பராமரிப்பாளர் பிராணிகள் மீது அன்பு கொண்டவர். பல்வகைக் கோழிகளைப் பொழுதுபோக்காக வளர்த்துவருகிறார். திறன் சாராப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுச் சூழல் அமைதியானது."

நலத்துறை அலுவலகத்தின் கோப்பில் இப்படி நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. நான்கு வாக்கியத்தில் நான்கு தவறு செய்வது அத்தனை எளிதல்ல. அதற்கும் ஒரு திறன் வேண்டும்.

முதலில் அந்த ஓய்வை எடுத்துக்கொள்வோம். அவள் ஓய்வுபெறவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள், குஞ்சு பொரிப்பகம் ஒன்றில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஒருநாள் குஞ்சுகளை ஆண் பெண் எனப் பிரிப்பது அவள் வேலை. குஞ்சை இடது கையில் எடுப்பாள். கட்டைவிரலால் இறக்கையை விரிப்பாள். இரண்டு வரிசை இறகு இருக்கும். ஒரு வரிசை நீண்டிருந்தால் பெண், இரண்டும் சமமாக இருந்தால் ஆண். பெண் இடப்பக்கப் பட்டையில் போகும். ஆண் வலப்பக்கக் குழாயில் விழும். குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்திருந்தது. மணிக்கு இரண்டாயிரத்து நானூறு குஞ்சு, நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் தவறு வராது. இறக்கையை விரிக்கும் அழகைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் 'விசிறி' என்று பெயர் வைத்தார்கள். நிர்வாகம் அவளுக்குக் கொடுத்த சான்றிதழில் 'திறன் சாராப் பணியாளர், நிலை நான்கு' என்று இருந்தது.

பிராணி அன்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. விசிறிக்குக் கோழி என்றாலே ஆகாது. வாசனை ஆகாது, அந்தக் கண் ஆகாது. முட்டைகூடச் சாப்பிடமாட்டாள். அப்படிப்பட்டவள் வீட்டுக் கொல்லையில் கோழி வந்தது அவளுடைய அக்காவால்.

அக்கா பதினோரு வயது மூத்தவள். ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் சரக்குப் பார்ப்பவளாக வேலைக்குச் சேர்ந்து, சமையலறைக்கே தலைவியாகி, முப்பது வருடம் இருநூறு பேருக்குச் சோறு போட்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருநூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்து இன்னொருவனுக்கும் சமைப்பதா என்று கேட்பாள். அறுபத்தைந்தில் மறதி தொடங்கியது. அறுபத்தெட்டில் தங்கையை மறந்தாள். தங்கை முகத்தை மட்டும்தான் மறந்தாளே தவிர, கேன்டீனை ஒரு கரண்டிகூட மறக்கவில்லை. தினமும் காலை ஒன்பதுக்கு முட்டை வண்டி வரவேண்டும். வரவில்லையென்றால் இருநூறு பேர் பட்டினி. விசிறி அவள் கணக்கில் சமையலறைக்கு வந்திருக்கும் புதுப் பெண், அதுவும் தேறாத கேஸ்.

கொல்லையில் நாலு வெள்ளைக் கோழி வாங்கிவிட்டது இந்த ஒன்பது மணிக்காகத்தான். அக்கா ஒன்பதுக்குப் போய் முட்டைப் பெட்டியில் கைவிடுவாள். ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சூடாக இருந்தால் சரக்கு புதுசு, அன்றைக்குப் பிரச்சினை முடிந்தது. ஒன்று இருந்தால் போதும். மிச்சம் பின்னால் வருகிறது என்று எடுத்துக்கொள்வாள். முட்டை இல்லையென்றால் மேலங்கியை மாட்டிக்கொண்டு வண்டியைத் தேடி வாசலைத் தாண்டிவிடுவாள்.

வெள்ளைக் கோழிகள் அந்த நிறுவனத்தின் இனம்தான். விசிறிக்குத் தெரிந்த ஒரே இனமும் அதுதான். ஒரு வருடம் கடிகாரம் போல முட்டை இட்டன. இரண்டாம் வருடம் பகல் குறுகத் தொடங்கியதும் நாலும் ஒரே வாரத்தில் இறகு உதிர்த்து, முட்டையை நிறுத்தின. ஒரே வயது, ஒரே ரத்தம், ஒரே சங்கம். வேலைநிறுத்தமும் ஒன்றாகத்தான் வந்தது. ஆறாம் நாள் அக்கா நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்தாள். டிரைவர்களிடம் ரசீது கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை, பாதம் கிழிந்திருந்தது.

அவர்களுக்கு ஒரு தம்பி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறான், நல்லவன்தான். நல்லவர்கள் பேசும்போதுதான் அதிகம் வலிக்கும்.

"சின்னக்கா, நீ பெரியக்காவப் பாத்துக்கறியா, இல்ல கோழியப் பாத்துக்கறியா?" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"அடுத்த தடவ லாரி நிக்காது. காப்பகத்துல இடம் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். நீ என்ன திட்டினாலும் சரி."

நலத்துறை அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். இன்னொரு முறை நோயாளி தனியாக வெளியே போனால் காப்பகம், அதுவரை வீடு என்று முடிவாயிற்று. வாசலைப் பூட்டிவைக்கலாமா என்று விசிறி கேட்டதற்கு, அது அடைத்துவைத்தலில் வரும், குற்றம் என்றார். காப்பகத்தை விசிறி ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். நீளமான அறை, பளிச்சென்ற விளக்கு, இரண்டு வரிசைக் கட்டில். நடுவில் ஒரு பெண் வரிசையாக முகத்தைப் பார்த்து, இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு போனாள். நல்ல வேகம். விசிறி பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் விளக்குப் போட்டு ஓட்டினாள். கூண்டில் அதிகாலையில் ஒரு பல்பு எரிந்ததும், பொழுது விடிந்துவிட்டது என்று நம்பி வெள்ளைகள் இரண்டு மாதத்தில் திரும்ப முட்டைக்கு வந்தன. நடுவில் எப்படிச் சமாளித்தார்கள் என்றால், அக்காவுக்குப் பாதப் புண் ஆறவில்லை, எழுந்து நடக்கவில்லை. இப்படியும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் அடுத்த வருடமும் பகல் குறுகும். அதற்குள் வேறு கோழி வேண்டும்.

இங்கேதான் அவள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினாள். பொதுவாகக் கோழி வாங்குகிறவர்கள் எது அதிகம் முட்டை இடும் என்று கேட்பார்கள். விசிறி கேட்டது எது எப்போது நிற்கும் என்று. நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துவந்து, மூன்று வாரம் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். அவள் கண்டுபிடித்த விதி ஒன்றுதான்: எந்த இரண்டு கோழியும் ஒரே காரணத்துக்காக நிற்கக் கூடாது. அதன்படி நாலு இனம் தேறின. ரோட் ஐலண்ட் சிவப்பு, எதற்கும் அசையாது, ஆனால் சண்டைக்காரி. கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் சாது, பகல் குறுகினாலும் பொருட்படுத்தாது. கழுத்தில் கறுப்பு மாலை போட்ட வெள்ளை சசெக்ஸ் குளிரில் இடும், ஆனால் மனசு வந்தால் முட்டையை நிறுத்தி அடைக்கு உட்கார்ந்துவிடும். அரௌகானா குளிரைத் தாங்கும், அடிக்கடி நிற்காது. ஒவ்வொன்றிலும் இரண்டு. வசந்தத்தில் குஞ்சு வாங்கினால் சரியாக வெள்ளைகள் நிற்கும் நேரத்துக்கு இவை முட்டைக்கு வந்துவிடும். வெடைக்கோழிகள், அதாவது புதிதாக முட்டைக்கு வரும் இளம் பெட்டைகள், முதல் வருடம் இறகு உதிர்ப்பதில்லை. திட்டத்தில் ஓட்டை இல்லை. அரௌகானாவின் முட்டை நீல நிறம் என்பதைப் படித்தாள். அதையும் குறித்துக்கொண்டாள், ஒரு தகவலாக.

குஞ்சுக்காரரிடம் முட்டைக்கு வந்த கோழிகள் எதுவும் மிச்சமில்லை. எல்லாம் முன்பதிவு. இருந்தது குஞ்சுகள், தட்டுத் தட்டாக, விளக்கடியில்.

"இதெல்லாம் பிரிக்காத குஞ்சும்மா. ஆணா பொண்ணான்னு நான் சொல்றதில்ல. வளந்தா அதுவே சொல்லும். நிச்சயமாப் பொட்டையா வேணும்னா வெள்ளைக் கம்பெனிக் குஞ்சு இருக்கு, பிரிச்சது."

"வெள்ள வேண்டாம்."

"அப்ப பதினாறா எடுத்துக்கங்க. பாதி தேறும்."

"எட்டு போதும். நான் பாத்துக்கறேன்."

அவள் தட்டின் மேல் குனிந்தாள். அடுத்த ஒரு நிமிடம் குஞ்சுக்காரர் பார்த்தது, அவர் தொழிலில் பார்த்திராத ஒன்று. கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. நாற்பது குஞ்சுகள் கைமாறின, எட்டு பெட்டிக்குள் இருந்தன. அவருக்கு ஏதோ சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. இறகு பார்ப்பதைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அந்த வேகத்தின் முன் தெரிந்தவனுக்கும் வாய் எழாது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் என்றாள். அவர் எழுந்து நின்று பெட்டியைக் கட்டிக்கொடுத்தார்.

பத்தாம் வாரத்தில் ஐந்து குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்தது. பதின்மூன்றாம் வாரத்தில் அவற்றில் ஒன்று மதிலேறி நின்று கூவியது. சிவப்பு இரண்டும் சேவல், மற்ற மூன்று இனங்களிலும் ஒவ்வொன்று சேவல்.

விசிறி பெட்டியோடு திரும்பப் போனாள். குஞ்சுக்காரர் சங்கடத்தோடு விளக்கினார். அந்த இறகுக் குறி அவளுடைய நிறுவனத்துக் குஞ்சுக்கு மட்டும்தான் பொருந்தும். அங்கே வேண்டுமென்றே அப்படி ஜோடி சேர்த்திருப்பார்கள்: தாய் மெதுவாக இறகு விடும் வகை, தந்தை சீக்கிரம் விடும் வகை. அப்போது மகன்கள் தாயைப் போலவும் மகள்கள் தந்தையைப் போலவும் வருவார்கள். மற்ற இனங்களில் இறகு நீளம் என்றால் இறகு நீளம், அவ்வளவுதான். பிரிக்கும் அறையில் இதை யாரும் சொன்னதில்லை. சொன்னால் பிரிக்கும் வேகம் கூடப்போவதில்லை.

இருபத்திரண்டு வருடம் பொய்யாக இருந்த ஒரு சான்றிதழ், வசந்தகாலத்தில் ஒரு நிமிடம் மட்டும் உண்மையாகியிருந்தது.

சேவல்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார் குஞ்சுக்காரர். தன்னிடமே மூன்று கூண்டு சேவல் இருக்கிறது, யாராவது சும்மா கேட்டால் தீவனமும் சேர்த்துத் தருவேன் என்றார். விசிறியின் குடியிருப்பில் கோழி வைக்கலாம், கூவுகிறது வைக்கக் கூடாது. மூன்று வாரத்தில் அகற்றாவிட்டால் எல்லாக் கோழியையும் எடுத்துப்போவோம் என்று நோட்டீஸ் வந்தது. எல்லாக் கோழியும் போனால் ஒன்பது மணி போகும். ஒன்பது மணி போனால் அக்கா போவாள். தம்பியிடம் கேட்டாள். கோழி அறுக்க என்னால் ஆகாது சின்னக்கா, வேணும்னா காலி டப்பா தரேன் என்றான்.

பெயிண்ட் டப்பாவின் அடியை வெட்டிக் குழாயடிச் சுவரில் கவிழ்த்து அறைந்தாள். சேவலைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் தலை மட்டும் வெளியே வரும், உதைக்காது என்று புத்தகத்தில் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கை வலப்பக்கம் அனுப்பியவை நாலு கோடிக்குக் குறையாது. ஆனாலும் முதல் சேவலுக்குக் கத்தி மூன்று முறை போகவேண்டியிருந்தது. அது உதைத்தது. டப்பா சுவரிலிருந்து பெயர்ந்தது. கொல்லை முழுக்கச் சேவல் ஓடி முடிக்கும்வரை அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். வெகுநாள் கழித்து அவள் கண்ணில் தெளிவு இருந்தது.

"யாரு இத அறுத்தது?"

"நான்தான்."

"கோழிய அறுக்கச் சொன்னா, சித்ரவதை பண்ணி வச்சிருக்க. உன்னை வேலைக்கு எடுத்தவன முதல்ல தொங்கவிடணும். தண்ணி கொதிக்க வை, போ."

அக்கா மணைப்பலகையில் உட்கார்ந்து, கொதிநீரில் முக்கி எடுத்து, எட்டு நிமிடத்தில் இறகு பறித்துவிட்டாள். விரல் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. எத்தனை பேருக்கு என்று கேட்டாள். விசிறி இரண்டு பேருக்கு என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்து, கூட்டல்கூடத் தெரியாதவளோடு காலம் தள்ளவேண்டியிருக்கிறது என்று இறகுகளிடம் சொன்னாள். மூன்று வாரத்தில் மற்ற நான்கும் இப்படியே முடிந்தன. விசிறியின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஐந்தாவதற்கு ஒரே ஒரு முறைதான் போயிற்று கத்தி. அக்கா அன்று பாராட்டினாள். "இப்பத்தான் ஆளு ஆகற" என்றாள். அந்த ஆண்டில் விசிறிக்கு அக்காவிடமிருந்து கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்று.

மிஞ்சியவை மூன்று வெடைக்கோழிகள். கறுப்பை வெள்ளைகள் ஏற்கவில்லை. புதிதாக ஒரு நிறம் வந்து நின்றால் கொத்துவது அவற்றின் சுபாவம். சாதுவான இனம் என்று புத்தகம் புகழ்ந்தது, திருப்பிக் கொத்தாது என்பதைத்தான். ரத்தம் பார்த்துவிட்டால் கோழிகள் நிறுத்துவதில்லை. விசிறி வந்து பிரிப்பதற்குள் ஒரு கண் போயிருந்தது. சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் தனிக் கூண்டில் வைத்தாள். பிழைத்தது, ஆனால் அந்த வருடம் முட்டை இடவில்லை.

சசெக்ஸ் சொன்ன தேதிக்கு முட்டைக்கு வந்தது. வெளிர் பழுப்பு, அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. பதினேழு முட்டை இட்டது. பிறகு ஒருநாள் மனசு வந்து, காலிப் பெட்டியில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. தூக்கி வெளியே விட்டாலும் திரும்பப் போய் உட்காரும். அதன் கீழே ஒன்றுமில்லை.

அரௌகானாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள், மழையோ குளிரோ, நீலமாக ஒரு முட்டை. அக்கா அதை முதல்முறை எடுத்தபோது கன்னத்துக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

"நீலமா இருக்கு பாரு. ஊசிப்போன சரக்கு. இத எவன் அனுப்பினான்?" என்று மதிலுக்கு மேல் வீசிவிட்டு, வண்டிக்காரனைக் கேட்கிறேன் என்று மேலங்கியைத் தேடினாள்.

விசிறி வாசலில் குறுக்கே நின்று, வண்டி வழியில் பழுதாகி நிற்கிறது, ஆள் போயிருக்கிறது என்று ஒரு மணிநேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று மாலை மணிக்கட்டில் நகக்கீறலுக்கு மருந்து போட்டுக்கொண்டாள். அதே வாரம் வெள்ளைகள் நாலும் இறகு உதிர்க்கத் தொடங்கின. தீட்டிய திட்டம் இவ்வாறு முழுமையடைந்தது: ஏழு கோழி, ஏழும் ஒன்பது மணிக்கு உதவாமல் போனதற்கு அவள் விதிப்படி வெவ்வேறு காரணம், வெள்ளைகள் நீங்கலாக.

கடை முட்டையைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். ஆறின சரக்கு என்றாள் அக்கா. வெந்நீரில் போட்டுச் சூடாக்கி வைத்தாள். அக்கா விரலால் ஓட்டைத் தேய்த்தாள். "கழுவின முட்டை ஒரு வாரம் தாங்காது. நனைஞ்சதத் திருப்பி அனுப்பு" என்றாள். முப்பது வருடம் சரக்குப் பார்த்தவளிடம் என்ன விளையாட முடியும்? இன்னொரு நாள் அடுப்போரம் வைத்தாள். அது பாதி வெந்து, அக்கா கன்னத்தில் வைத்ததும் அலறினாள். முட்டை கழுவாததாக இருக்கவேண்டும், ஈரம் படாததாக இருக்கவேண்டும், உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும்.

சசெக்ஸின் பதினேழு முட்டையில் உடைந்தவை போகப் பதினொன்று சமையலறையில் இருந்தன. அக்கா அவற்றைச் சாப்பிடுவதில்லை, புதுப் பெண்ணிடம் கொடுத்து எண்ணி வைக்கச் சொல்வாள். ஆகவே முட்டைகள் தீர்வதில்லை. ஒரே முட்டை மறுநாளும் வண்டியில் வரலாம்.

அப்போதிலிருந்து விசிறிக்குக் காலை வேளைகளில் இடது கை இல்லாமல் போயிற்று. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, கை முறிஞ்சிருக்கா? ஒத்தக் கையில தலை வாரறா. நொண்டியப் பாத்துப் பாத்து வேலைக்கு எடுக்கறாங்க."

"சுளுக்குக்கா."

"அக்கா நொக்கான்னு உறவு கொண்டாடாத. வேலையப் பாரு."

நலத்துறை அதிகாரி அந்தப் பருவத்தின் நடுவில் ஒருநாள் எட்டே முக்காலுக்கு வந்தார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போனதால் வந்த புதியவர், சிரித்த முகம். ஒன்பதுக்கு அக்கா அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர் என்று நினைத்தாள் போல. பெட்டி, தீவனம், தண்ணீர் எல்லாவற்றையும் காட்டி விளக்கினாள். முட்டையை எடுத்து முதலில் தன் கன்னத்திலும் பிறகு அதிகாரியின் கன்னத்திலும் வைத்தாள்.

"இன்னும் சூடா இருக்கே!" என்றார் அதிகாரி. "எந்தக் கோழி போட்டது?"

விசிறி ஒரு கணம் தேடி, ஒற்றைக் கண் கறுப்பைக் காட்டினாள்.

"பாவம், அதுவா! எத்தனை கலர்ல வச்சிருக்கீங்க. கோழின்னா உங்களுக்கு உயிர் போல."

விசிறி தோளை நீவிக்கொண்டு ஆமாம் என்றாள். அதிகாரி நின்றபடியே எழுதினார். காப்பகம் இன்னும் ஒரு வருடத்துக்குத் தேவையில்லை என்று முடிவாயிற்று. தம்பிக்குப் போன் செய்து சொன்னபோது, அப்ப அடுத்த வருஷம் பாப்போம் என்றான்.

வெள்ளைகளில் ஒன்று திரும்ப முட்டையிட்டது, அந்தச் சுளுக்கு வந்ததிலிருந்து தொண்ணூற்றிரண்டாம் நாள். அதற்கு முந்தைய தொண்ணூற்றொரு நாளும் விசிறி, காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, ஆறிப்போன ஒரு முட்டையை இடது அக்குளில் வைத்துக்கொண்டு, தன்னை யாரென்று தெரியாத அக்காவை வலது கையால் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்டு, அவளுக்கு முன்பே கொல்லைக்குப் போய் அதைப் பெட்டியில் வைத்தாள்.